செல்லையா ஊர்

செப்டம்பர் 29, திங்கள். சென்னை

மரகதம் வாங்கிக் குடுத்த டைரி. "மூணு வாரம் வெளிநாடு போறீங்க. திரும்பி வந்து வாயால சொன்னா பாதி புளுகா இருக்கும். அன்னன்னைக்கு எழுதிருங்க"ன்னா. எழுதுறதுல புளுகு வராதான்னு நான் கேக்கல. ஊருக்குப் போற நேரத்துல பொண்டாட்டிகிட்ட வாயைக் குடுக்கக் கூடாது.

விஷயம் இதுதான். வேதமணி சார் இசையமைச்ச சினிமாப் பாட்டுல அஞ்சை எடுத்து புடாபெஸ்ட்ல அறுபது வெள்ளைக்காரங்க கோரஸா பாடப் போறாங்க. அதுவும் தமிழ்லயே. அவங்களுக்கு உச்சரிப்பு சொல்லிக் குடுக்க ஒரு ஆள் வேணும். சாரோட மேனேஜர் சுந்தரவதனம் கோரஸ்காரங்க லிஸ்டைப் பாத்திருக்கார். "தமிழழகன்! பேர்லயே ரெண்டு ழ. இவரை விட்டா யாரு?"ன்னு டிக்கெட் போட்டுட்டார்.

எனக்கு ழ வராது.

செல்லூர்ல பொறந்தவன். மதுரைக்காரன் நாக்குல மழை மளையாத்தான் பெய்யும். முப்பது வருஷமா கோரஸ்ல நாலு பேரோட நாலு பேரா நின்னு பாடினதால யாருக்கும் தெரியல. எழுதுறப்ப மட்டும் சரியா வந்துரும். பேனாவுக்கு நாக்கு இல்லையே. மரகதம் பெரம்பூர்க்காரி, அவ வாழைப்பழத்தை வாயப்பயம்பா. அதனால மகளுக்கு யாழினின்னு வெக்கணும்னு ஆசைப்பட்டும் வெக்கல. வீட்ல ஒரே பிள்ளைக்கு யாளினி, யாயினின்னு ரெண்டு பேர் ஆயிருக்கும். நித்யான்னு வெச்சு தப்பிச்சோம்.

சுந்தரவதனத்துக்கு போன் போட்டு உண்மையைச் சொல்லிரலாம்னுதான் எடுத்தேன். "ரொம்ப தேங்க்ஸ் சார்"னு சொல்லி வெச்சுட்டேன்.

அக்டோபர் 3, வெள்ளி. புடாபெஸ்ட்

வந்து சேந்தாச்சு. புளிக்காய்ச்சல் பாட்டில் பெட்டிக்குள்ள உடைஞ்சு, பாட்டு நோட்ஸ் பூரா புளியோதரை வாசம்.

ஏர்போர்ட்ல ஒரு அம்மா அட்டையைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. அதுல என் பேர் இல்ல, எங்கப்பா பேர் இருக்கு. பாஸ்போர்ட்ல குடும்பப் பேர்னு கேட்ட எடத்துல அப்பா பேரைப் போட்டதோட பலன். அந்தம்மா பேரு இல்டிகோ. கோரஸ்ல பாடுறாங்க. யுனிவர்சிட்டியில தமிழ் படிச்சவங்களாம், அதுவும் அம்புட்டும் புத்தகத்துல. "செல்லையா ஊர்! வணக்கம் ஐயா. தங்கள் பயணம் இனிதாக அமைந்ததா?"ன்னாங்க. எனக்கு அந்தத் தமிழுக்குப் பதில் சொல்லத் தெரியல. "ம், ஆமாங்க"ன்னேன்.

செல்லையா ஊர் எதுன்னு இவங்க ஏன் கேக்குறாங்கன்னு நினைச்சு "செல்லூருங்க, மதுரை பக்கம்"னு சொல்லி வெச்சேன். அப்புறம்தான் வெளங்குச்சு. இவங்க பாஷையில ஆம்பளை பேருக்குப் பின்னாடி 'ஊர்'னு சேத்தா மரியாதையாம். நம்ம 'திரு' மாதிரி. ஆக இனி பதினஞ்சு நாளைக்கு நான் திரு. செல்லையா.

அப்பா இன்னைக்கு உயிரோட இருந்திருந்தா சிரிப்பாரா, அடிப்பாரான்னு தெரியல. அடிக்கத்தான் செய்வார்.

அக்டோபர் 4, சனி

வாஷிங் மெஷின்ல எல்லாம் இவங்க எழுத்து. ஒரு பட்டனை அமுக்கினேன். என்னமோ ஓடுச்சு.

அக்டோபர் 6, திங்கள்

முதல் ஒத்திகை. கண்டக்டர் பேரு காபோர். ஒல்லியான மனுஷன், கையை வீசுனா அறுபது பேரும் மூச்சு விடுறாங்க. ஏன் தமிழ்லயே பாடணும்னு கேட்டேன். இல்டிகோ அவர் சொன்னதை அப்படியே மாத்திச் சொன்னாங்க: "எங்கள் மொழியில் பாடினால் இவை எங்கள் பாடல்கள் ஆகிவிடும். எங்கள் பாடல்கள் எங்களிடம் ஏற்கெனவே நிறைய உள்ளன."

நாலு பாட்டு பாடிக் காட்டுனாங்க. ஐயோ சாமி. அத்தனை ழவும் சுத்தம். இல்டிகோ ரெக்கார்டைக் கேட்டு ஒவ்வொரு எழுத்தா சொல்லிக் குடுத்திருக்காங்க. அறுபது வாயில ஒரு பிசிறு இல்ல. எனக்கு அங்க வேலையே கிடையாது. சந்தோஷப்பட்டு சும்மா உக்காந்திருக்கலாம். ஆனா இம்புட்டு தூரம் டிக்கெட் போட்டு கூட்டிட்டு வந்திருக்காங்களேன்னு எந்திரிச்சு, "நல்லாருக்கு. ஆனா இன்னும் கொஞ்சம் அளுத்தம் வேணும்"னேன்.

அளுத்தம். அப்படித்தான் சொன்னேன். இல்டிகோ தலை நிமிந்து பாத்துட்டு நோட்ல குறிச்சுக்கிட்டாங்க.

அக்டோபர் 8, புதன்

என்னைக் கொண்டுபோய் எங்கயாவது கட்டிப் போடணும்.

இன்னைக்கு அறுபது பேரும் ள-ல பாடுறாங்க! "நிலவின் நிளல்", "அளகே"ன்னு செல்லூர் ரேஷன் கடை வரிசை மாதிரி இருந்துச்சு. என்னாச்சுன்னு இல்டிகோகிட்ட கேட்டேன். "ஐயா, தாங்கள் தாய்மொழியாளர். நான் நூலில் கற்றவள். தங்கள் உச்சரிப்பே சரியாக இருக்க வேண்டும் என்று எல்லோரையும் மாற்றச் சொன்னேன்"னாங்க.

நல்லா இருந்த அறுபது பேரை ரெண்டே நாள்ல கெடுத்த ஒரே வாத்தியார் உலகத்துலயே நானாத்தான் இருப்பேன். "பளையபடியே பாடுங்க, அதான் சரி"ன்னுட்டு ஓடி வந்துட்டேன்.

ரூம்ல வந்து உக்காந்தா அப்பா ஞாபகம். மில் தொழிலாளி. கருப்புச் சட்டை. படிப்பகத்துல உக்காந்து படிச்சே மேடையில பேசுற அளவுக்கு வந்தவர். பஞ்சு இருமல் உண்டு, பேச்சுக்கு நடுநடுவுல இருமுவார். எனக்கு ழ வரலைன்னா ஸ்கேலை எடுத்துருவார். "சொல்லு, சரியாச் சொல்லு"ம்பார். சொல்லிக் காட்டுனதில்ல, சொல்லச் சொல்லி அடி மட்டும்தான். அக்காவை வாய் நிறைய "பூங்கோதை"ன்னு கூப்பிடுவார். என்னை "தம்பி"ம்பார், கோவம் வந்தா "டேய்". பேர் சொல்லி ஒருநாளும் கூப்பிட்டதில்ல. நான் அந்தப் பேருக்கு லாயக்கில்லைன்னு முடிவு பண்ணிட்டார் போலன்னு நினைச்சுக்குவேன்.

அக்டோபர் 9, வியாழன்

அஞ்சாவது பாட்டு. இதுக்குத்தான் பயந்துக்கிட்டு இருந்தேன்.

இருபத்தொம்பது வருஷத்துக்கு முந்தின பாட்டு. படத்துல ஹீரோ லாரி டிரைவர். ஊரை விட்டு ஓடிப்போனவன், ரோட்டைப் பாத்துக் கேக்குறான்: "வழியே வழியே என் ஊர் எங்கே?" அந்த வரியை கோரஸ் மட்டும்தான் பாடும். அன்னைக்கு முன் மைக்ல நான். எனக்கு வயசு இருபத்தேழு. முன் மைக்ல நின்ன மொத தடவையும் கடைசித் தடவையும் அதுதான். "வளியே வளியே"ன்னு பாடிட்டேன். டேப் ஓடிருச்சு, கால்ஷீட்டும் முடிஞ்சிருச்சு, பாட்டு வெளிய வந்துருச்சு. அதுக்கப்புறம் வேதமணி சார் என்னைப் பின் வரிசைக்கு அனுப்பிட்டார். ஏன்னு அவரும் சொல்லல, நானும் கேக்கல. கேக்க என்ன இருக்கு?

இங்க ஒத்திகை ஹாலுக்குள்ள போனா ஓரத்துல ஒரு மரப் பீப்பாய். மேல துணி போத்தி கைப்பிடி வெச்சிருக்கு. சுத்துனா ஊஊன்னு காத்து அடிக்கிற சத்தம் வருது. எதுக்குன்னு கேட்டேன்.

"வளிக்காக ஐயா!"ன்னாங்க இல்டிகோ. "வளி என்றால் காற்று. அகராதியில் பார்த்தேன். 'காற்றே, காற்றே, என் ஊர் எங்கே?' எவ்வளவு அழகான வரி! இதைக் கேட்டதும் காபோர் பாடல் முழுவதையும் காற்றாகவே அமைத்துவிட்டார். இரண்டு மாத உழைப்பு."

அறுபது பேரும் வாயைக் குவிச்சு காத்து மாதிரி ஊதுறாங்க. புல்லாங்குழல் நாலு. பீப்பாயைச் சுத்த ஒரு ஆள். என் நாக்குத் தப்புக்கு வெள்ளைக்காரன் பீப்பாய் செஞ்சு வெச்சிருக்கான்! நிகழ்ச்சிப் புத்தகத்துலயும் 'காற்று'ன்னே அச்சடிச்சாச்சு.

அக்டோபர் 10, வெள்ளி

இல்டிகோ இன்னைக்கு ரெக்கார்டைப் பெரிய ஸ்பீக்கர்ல போட்டுக் காட்டுனாங்க. "இங்கே ஒரு குரல் மட்டும் மற்றவற்றுக்கு முன்னால் கேட்கிறது. எனக்கு மிகவும் பிடித்த குரல். யாருடையது என்று தெரியுமா ஐயா?"

"தெரியலையே"ன்னேன்.

இதை எழுதக்கூடத் தேவையில்ல. மரகதம் சொன்னதுக்காக எழுதுறேன்.

அக்டோபர் 11, சனி

பூங்கோதை அக்கா மதுரையில இருந்து போன் பண்ணுச்சு. வீடியோ கால், பாதி முகம்தான் தெரிஞ்சுச்சு.

"அங்க யாருடா உன்னைய வேலை வாங்குறது?"

"கண்டக்டர்க்கா."

"கண்டக்டரா? எந்த ரூட்டு?"

சிரிச்சு முடிச்சு, பதினெட்டாம் தேதி நிகழ்ச்சியை போன்லயே நேரலையா பாக்கலாம்னு சொன்னேன். தெருவுக்கே சொல்லிட்டேன்டாங்குது.

பதினாறாம் தேதி வேதமணி சாரும் வர்றார். வந்து உக்காந்து அறுபது பேர் "வளியே"ன்னு பாடுறதையும் பீப்பாய் சுத்துறதையும் கேட்டார்னா? கவிஞர் எழுதின வார்த்தை ஒண்ணு, என்னால ஒரு நாட்டுக்கே வேறயாப் போச்சு. சொல்லிட்டா நான் யோக்கியன். ஆனா என் மானம் போயிரும், ரெண்டு மாச உழைப்பும் போயிரும். சொல்லலைன்னா பாட்டு போயிரும்.

அக்டோபர் 12, ஞாயிறு

டிராம்ல இல்டிகோகிட்ட சொல்லிட்டேன். மூணு ஸ்டாப் வரைக்கும் தைரியம் வரல, நாலாவதுல வந்துச்சு. "அந்தக் குரல் என்னோடதுதாங்க. அது வளி இல்ல, ரோடு. எனக்கு அந்த எளுத்து வராது."

கோவப்படுவாங்கன்னு பாத்தா கண்ணு ரெண்டும் பெருசாச்சு. "தாங்களா!"ன்னு மட்டும் சொன்னாங்க. அடுத்த ஸ்டாப்ல, "நாக்கை மேலே மடியுங்கள். எதையும் தொடக் கூடாது. தொட்டால் ள. தொடாவிட்டால் ழ"ன்னாங்க.

எங்கப்பன் ஸ்கேல்ல அடிச்சும் வராதது, டிராம்ல பத்து நிமிஷத்துல வந்துச்சு. தொடாம இருக்கணும், அம்புட்டுதான்! யாருமே இதைச் சொன்னதில்ல. ஸ்டாப்பைத் தாண்டிப் போயும் "வாழைப்பழம், கிழவி, வழுக்கி"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். பக்கத்து சீட்டு ஆள் எந்திரிச்சு வேற எடத்துக்குப் போயிட்டார்.

ஐம்பத்தாறு வயசுல ஹங்கேரிக்காரிகிட்ட தமிழ் கத்துக்கிட்டேன். இதை ஊர்ல சொல்லப் போறதில்ல.

அக்டோபர் 14, செவ்வாய்

இன்னைக்கு எல்லார் முன்னாடியும் எந்திரிச்சேன். "பிளை என்னோடது"ன்னேன். இல்டிகோ மெதுவா "பிழை"ன்னாங்க. மறுபடி சொன்னேன்: "பிழை என்னோடது." நாக்கு எதையும் தொடல.

இல்டிகோ முழுசையும் அவங்க பாஷையில சொன்னாங்க. காபோர் பீப்பாயைப் பாத்தார், என்னைப் பாத்தார். "காற்றா, பாதையா?"ன்னு ஒரே கேள்வி.

"ரோடுதாங்க. நடக்குற ரோடு."

நோட்ஸ்ல காத்துக்காக எழுதின எட்டு பக்கத்தைக் கிழிச்சு, மடிச்சு, பாக்கெட்ல வெச்சுக்கிட்டார். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். பீப்பாயை ரெண்டு பேர் தூக்கிட்டுப் போனாங்க. போறப்பவும் அது ஊஊன்னுச்சு.

அக்டோபர் 15, புதன்

நிகழ்ச்சிப் புத்தகத்துக்குள்ள வெக்க ஒரு பிழைதிருத்தச் சீட்டு அடிச்சாச்சு. ஆயிரத்து இருநூறு சீட்டையும் நானே உக்காந்து ஒவ்வொண்ணா சொருகினேன். யாரும் கேக்கல, நானா போய் கேட்டு வாங்கிக்கிட்டேன்.

அக்டோபர் 16, வியாழன்

வேதமணி சார் வந்துட்டார். ரெண்டு ஸ்வெட்டர், அதுக்கு மேல ஒரு கோட்டு, தலைக்கு மப்ளர். ஒத்திகையைக் கேட்டார். அறுபது பேரும் "வழியே வழியே"ன்னு பாடுனாங்க. பீப்பாய் போய் ஒரு டிரம் மட்டும், நடந்து போற மாதிரி. கண்ணை மூடிக் கேட்டுட்டு "பிரமாதம்"னார்.

டீ குடிக்கிறப்ப தனியா இருந்தார். போய் நின்னு மூச்சு விடாமச் சொல்லிட்டேன். அன்னைக்கு முன் மைக்ல ள சொன்னது, அதுக்காக அவர் என்னைப் பின்னாடி அனுப்பினது, இங்க காத்தானது, எல்லாம்.

"ளவா சொன்ன? நான் கவனிக்கவே இல்லையேப்பா."

"அப்ப ஏன் சார் என்னைய பின்னாடி அனுப்புனீங்க?"

"நீ பனைமரம் மாதிரி நின்ன. உன் பின்னாடி நின்ன பொண்ணுங்களுக்கு என் கையே தெரியலைன்னு சண்டை. ஒசரமானவனைப் பின்னாடி விடாம?"

இருபத்தொம்பது வருஷம்! நான் ராத்திரி பகலா ழவுக்குப் பயந்து செத்திருக்கேன். காரணம் என் ஒசரமாம். சிரிக்கிறதா அழுகுறதான்னு தெரியாம பிஸ்கட்டை டீக்குள்ள விட்டுட்டேன்.

அப்புறம் சார் சொன்னார்: "ரெக்கார்ட்ல முன்னாடி கேக்குறது உன் குரலா? அப்ப நாளன்னிக்கும் நீயே முன் மைக்ல நில்லு. இங்க மேடையில படிக்கட்டு இருக்கு, யாருக்கும் மறைக்காது."

அக்டோபர் 17, வெள்ளி

எல்லாரும் கருப்புச் சட்டை போடணுமாம். என்கிட்ட இருக்குற ஒரே கருப்புச் சட்டை அன்னைக்கு மெஷின்ல போட்டு சுருங்கினது. இப்ப நித்யாவுக்குத்தான் சரியா இருக்கும். கையைத் தூக்குனா தொப்புள் தெரியுது. கையைத் தூக்காம பாடிக்கலாம்.

காலையில இருந்து வழி, வழி, வழி. நூறு தடவை. நூறும் சரி.

அக்டோபர் 18, சனி

ஏழு மணிக்கு நிகழ்ச்சி. அக்கா போன்: "தெருவுல எல்லாரும் வந்துட்டாங்கடா. முறுக்கு குடுத்திருக்கேன்." நாக்கு வறண்டு கெடக்கு.

அக்டோபர் 19, ஞாயிறு

பாடினேன். நடந்ததை நடந்தபடி எழுதுறேன்.

ஆயிரத்து இருநூறு பேர். நம்ம ஊர் ஆளுங்க ஒரு நாப்பது அம்பது பேர் இருப்பாங்க, மத்ததெல்லாம் வெள்ளைக்காரங்க. அஞ்சாவது பாட்டு. முன் மைக். பல்லவியில "வழியே வழியே" வந்துச்சு. சுத்தமா வந்துச்சு. சரணம் முடிஞ்சு மறுபடி வந்துச்சு, அப்பவும் சரி. இல்டிகோ கோரஸ் ஓரத்துல இருந்தே தலையை ஆட்டுனாங்க. எனக்கு நெஞ்சு நிமிந்துபோச்சு.

கடைசியில டிரம் நின்னுரும். மத்த வாத்தியமும் நின்னுரும். கோரஸ் மட்டும் ஒரே ஒரு தடவை அந்த வரியைப் பாடணும். காபோர் கையைத் தூக்குனார். பாடினேன்.

"வளியே வளியே என் ஊர் எங்கே?"

அறுபது பேர் ழ, நான் ஒருத்தன் ள. அதுவும் முன் மைக்ல. வேணும்னு செய்யல. சத்தியமா வேணும்னு செய்யல. 'ஊர்'னு ஒரு வார்த்தை அடுத்து வரப்போகுதுன்னு நினைச்சேன், நாக்கு எனக்கு முன்னாடியே செல்லூர் போய்ச் சேந்துருச்சு.

தொலைஞ்சோம்னு நினைச்சேன். அப்புறம் எல்லாரும் எந்திரிச்சு நின்னு தட்டுறாங்க. எனக்கு எங்க பாக்குறதுன்னு தெரியல. மைக்ல பேரைக் கூப்பிட்டாங்க: "செல்லையா ஊர்!" சார் என்னைக் கையைப் பிடிச்சு முன்னாடி இழுத்தார். சட்டை மேல ஏறிருச்சு. ஒரு கையால அதைக் கீழ இழுத்துக்கிட்டே கும்பிட்டேன்.

"யாருப்பா செல்லையா?"ன்னார் சார் காதுல.

"எங்கப்பா சார்."

"அவரும் வந்திருக்காரா?"

"வந்திருக்காரு சார்"னு சொல்லிட்டேன். ஏன் சொன்னேன்னு தெரியல.

கீழ இறங்குனதும் இல்டிகோ வந்தாங்க. மன்னிப்பு கேக்க வாயைத் தொறந்தேன். "ஐயா, பதிவில் இருந்த குரலை நேரில் கேட்டேன்"னு சொல்லி என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. காபோர் பாக்கெட்ல இருந்து மடிச்ச எட்டு பக்கத்தை எடுத்து என் கையில குடுத்துட்டுப் போனார்.

இன்னைக்குக் காலையில அக்கா போன். நான் எடுத்த எடுப்புலயே, "தப்பாப் பாடிட்டேன்க்கா. அப்பா இருந்திருந்தா மேடையில ஏறியே அடிச்சிருப்பார்"னேன்.

அக்கா அதைக் காதுலயே வாங்கல.

"கருப்புச் சட்டை, அந்தக் குரலு... அப்பா நிக்கிற மாதிரியே இருந்துச்சுடா. நான் அழுதுட்டேன்."

"அவருக்கு ழ சுத்தமா வரும்க்கா. எனக்குத்தான்..."

"யாரு சொன்னா? அப்பாவுக்கு என்னைக்குடா ழ வந்துச்சு?"

"மேடையில பேசுவாரேக்கா."

"பேசுவாரு. ழ வர்ற எடமெல்லாம் இருமுவாரு. உனக்குத் தெரியாது? அம்மா சிரிச்சுக்கிட்டே இருக்கும். பஞ்சு இருமலாம், பஞ்சு இருமல்! வீட்ல ஒருநாள் இருமி நான் பாத்ததில்ல."

அக்காவே சொல்லுச்சு: "உனக்கு அந்தப் பேரை ஆசை ஆசையா வெச்சிட்டு, கூப்பிட முடியாம கெடந்தாருடா மனுஷன். தனியா இருக்கப்ப சொல்லிப் பாப்பாரு. தமிளளகன், தமிளளகன்னு. நான் உள்ள வந்தா நிறுத்திருவாரு."

போனை வெச்சுட்டேன். ரொம்ப நேரம் அழுதேன். எழுதிட்டேன், மரகதம் படிச்சா படிக்கட்டும்.

நாளைக்குத் தீபாவளி. மத்தியானம் விமானம். இனிமேதான் பெட்டி கட்டணும். சுருங்கின கருப்புச் சட்டையைத் தூக்கிப் போடலாம்னு எடுத்தேன், மடிச்சு உள்ள வெச்சுட்டேன்.

அப்பா இருமின எடத்துல நான் பாடியிருக்கேன். தப்பாத்தான் பாடினேன். ஆனா இருமல.